பழைய நிற நிலப்படம், கார்ன்வால் கடற்கரை. 60 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தேன், ஏமாந்துட்டேனா?

கிரேன்காரன்
சனி, இரவு 9.20

வணக்கம் மக்களே. மகளுக்குக் கணக்குப் பயிற்சிப் புத்தகம் தேடி ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போனேன். புத்தகம் கிடைக்கல, கையில ஒரு மேப்போட வெளிய வந்தேன். வீட்டுல இன்னும் விலை சொல்லல.

மடிச்சா சட்டைப் பையில திணிக்கலாம். விரிச்சா சாப்பாட்டு மேசையில முக்கால்வாசி. பின்னாடி மெல்லிசா வெள்ளைத் துணி ஒட்டியிருக்கு. மடிப்பு நாலும் சந்திக்கிற இடத்துல ஊசிக்கண் அளவு ஓட்டை, மத்தபடி கிழிசல் இல்ல. இங்கிலாந்தோட தென்மேற்கு மூலை, கார்ன்வால். ஒரு அங்குலத்துக்கு ரெண்டு மைல்னு போட்டிருக்கு. கீழ பார்த்தலமியூ, எடின்பரோன்னு பேரு.

நிறம்தான் என்னைப் பிடிச்சு இழுத்துச்சு. கரையோரம் பசலைக்கீரை பச்சை. உள்ள போகப்போக மங்கின சந்தனம், மேட்டுல காப்பித்தூள் பழுப்பு. கடலும் சும்மா இல்ல. கரையில வெளிர்நீலம், தள்ளிப்போகப் போக ஒவ்வொரு படியா அடர்ந்துக்கிட்டே போகுது. கிரேன் மேல இருந்து விடிகாலையில தண்ணியைப் பார்த்தா இப்படித்தான் தெரியும்.

மூணு கேள்வி. எந்த வருஷத்து மேப்பு? 60 வெள்ளி பெறுமா? சட்டம் போடுற கடையில "லேமினேட் பண்ணிடுங்க, நூறு வருஷம் நிக்கும்"னு சொல்றாங்க, பண்ணலாமா?

தேக்கா தம்பி
சனி, இரவு 9.31

அண்ணே, 60 வெள்ளிக்கு ஏழு பிரியாணி. அவ்வளவுதான் என் கருத்து.

அளவைக்காரர்
சனி, இரவு 9.48

லேமினேட் செய்யாதீர்கள். மற்றக் கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் இதைப் படித்துவிட்டு அந்தக் கடைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான் முப்பது வருடம் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்தவன். லேமினேட் என்பது சூட்டில் பசையை உருக்கிக் காகிதத்துக்குள் இறக்கும் வேலை. ஒரு முறை இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது. உங்கள் மேப்பு வெறும் காகிதமும் இல்லை, துணி ஒட்டியது. காகிதமும் துணியும் ஈரத்துக்கு ஒரே அளவில் நீளாது, சுருங்காது. அவை மூச்சு விட இடம் வேண்டும். இரண்டையும் பிளாஸ்டிக்கில் அடைத்தால் கொப்புளம் கிளம்பும், உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழி இருக்காது. நூறு வருடம் நிற்கும் என்றாரே, அது ஏற்கெனவே நூறு வருடம் நின்றுவிட்டது, அவர் உதவி இல்லாமலே.

வருடம் கண்டுபிடிக்க எனக்குச் சில விவரம் வேண்டும்.

அடியில் நிறுவனப் பெயர் எப்படி முடிகிறது, "அண்ட் கோ" என்றா, "அண்ட் சன்" என்றா? 1919இல்தான் அது "ஜான் பார்த்தலமியூ அண்ட் சன்" ஆனது. வடகரையில் நியூகுவே என்ற ஊரைப் பிடியுங்கள், அங்கிருந்து தெற்கே பெர்ரன்போர்த் வரை ரயில் பாதை போகிறதா பாருங்கள். அட்டையில் விலை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் மாமி
சனி, இரவு 10.05

செல்லோடேப் மட்டும் ஒட்டிடாதீங்கோ. எங்க மாமனாரோட கல்யாணப் பத்திரிகையை நல்லதுன்னு நினைச்சு ஒட்டினேன். இருபது வருஷத்துல டேப் உதிர்ந்துடுத்து, பசை மட்டும் தேன் கலர்ல நிக்கறது. மாமனார் பேர் இருக்கற இடத்துல.

கிரேன்காரன்
சனி, இரவு 11.10

அளவைக்காரர் ஐயா, பார்த்தேன். மகளோட பூதக்கண்ணாடி வாங்கித்தான் பார்க்க முடிஞ்சுது.

"அண்ட் கோ"ன்னுதான் முடியுது. நியூகுவேல இருந்து பெர்ரன்போர்த்துக்கு ரயில் கோடு இருக்கு, கறுப்பா, நடுவுல ஊருக்கு ஊர் புள்ளி. அட்டையில துணி ஒட்டியதுக்கு 2 ஷில்லிங்னு அச்சடிச்சிருக்கு.

இன்னொண்ணு. சாலைக்கெல்லாம் தரம் போட்டிருக்கான். முதல்தரம், நல்ல ரெண்டாம்தரம், சுமார் ஆனா போகலாம். கடைசியா, நிறம் போடாத சாலை சைக்கிள்காரங்களுக்குச் சிபாரிசு செய்யப்படாதுன்னு ஒரு வரி. சைக்கிளா?

அளவைக்காரர்
ஞாயிறு, காலை 7.15

சைக்கிள்தான். கார் எல்லார் கைக்கும் வராத காலம், ஊர் சுற்றுகிறவர்கள் மிதித்துத்தான் போனார்கள். பிரிட்டனின் சைக்கிள் பயணச் சங்கத்தினர் சாலை விவரம் எழுதி அனுப்ப, பார்த்தலமியூ அதை வைத்து மறுபதிப்புகளைத் திருத்தினார்கள். இந்த அரை அங்குல வரிசை (ஒரு மைலுக்கு அரை அங்குலம்) இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 1897 தொடங்கி 1903 வரை தாள் தாளாக வந்தது, ஸ்காட்லாந்துக்கு அதற்கு முன்பே. சைக்கிள் மிதிக்கிறவனுக்கு முதல் கவலை மேடு. எந்தச் சாலை ஏறும், எது இறங்கும் என்பதை எண்களைப் படிக்காமல் ஒரே பார்வையில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் உங்களைப் பிடித்து இழுத்த அந்த நிறம்.

சம உயரக் கோட்டுக்குக் கோடு, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளுக்கு இடையே, நிறம் மாற்றும் முறையைப் பார்த்தலமியூ குடும்பம் 1878 பாரிஸ் கண்காட்சியில் காட்டியது. 1880இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டப் பயணக் கையேடு ஒன்றில் விற்பனைக்கே கொண்டுவந்தார்கள். அதுவரை மலை என்றால் கம்பளிப்பூச்சி மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் கீறுவார்கள். பார்க்க அழகு, ஆனால் பெயரையும் சாலையையும் சேர்த்து அவை மறைத்துவிடும்.

இனி உங்கள் வருடம். பெர்ரன்போர்த்–நியூகுவே பாதை திறந்தது 1905 ஜனவரியில். நிறுவனம் பெயர் மாற்றியது 1919. ஆக உங்கள் தாள் அந்த இடைவெளியில் அச்சானது. ஓரத்தில் ஏ அல்லது பி என்ற எழுத்தோடு ஒட்டி இரண்டு இலக்க எண் ஏதும் இருந்தால் சொல்லுங்கள், வருடத்தையே பிடித்துவிடலாம். எண் வருடம், ஏ என்றால் முதல் ஆறு மாதம், பி என்றால் அடுத்த ஆறு மாதம்.

2 ஷில்லிங் என்றதும் எனக்கு ஒரு கணக்கு ஓடியது. 1906இல் நம் நீரிணைக் குடியேற்ற டாலரை 2 ஷில்லிங் 4 பென்ஸ் (ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்) என்று கட்டினார்கள். அப்படியானால் உங்கள் மேப்பின் விலை அன்றைய சிங்கப்பூர்க் காசில் 86 காசு.

தேக்கா தம்பி
ஞாயிறு, காலை 8.02

86 காசுப் பொருளை 60 வெள்ளிக்கு. அண்ணே, ஏழு பிரியாணி.

அளவைக்காரர்
ஞாயிறு, காலை 8.20

தம்பி, சரி, விலையையும் சொல்லிவிடுகிறேன். இது அரிய பொருள் இல்லை. நிறைய அச்சடித்து நிறைய விற்றார்கள். பிரிட்டனில் தேடினால் இதைவிட மலிவாகவே கிடைக்கும். ஆனால் கப்பல் செலவு, இங்கே கையில் விரித்துப் பார்த்து வாங்கிய வசதி எல்லாம் சேர்த்தால் 60 வெள்ளி வயிறெரிய வேண்டிய தொகை இல்லை. ஆயிரம் வெள்ளிக்கு விற்கலாம் என்ற கனவு இருந்தால் மட்டும் கலைத்துவிடுங்கள்.

பூகோள டீச்சர்
ஞாயிறு, காலை 10.40

இழை நல்லா போகுது. நான் உயர்நிலைப் பள்ளியில புவியியல் நடத்துறேன். ஒவ்வொரு வருஷமும் இந்த நிற மேப்புல என் மாணவர்கள் விழுற குழி ஒண்ணு இருக்கு, அதை மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

பச்சைன்னா செழிப்பு, பழுப்புன்னா வறட்சின்னு எழுதுவாங்க. இல்ல. பச்சை தாழ்வு, பழுப்பு உயரம், அவ்வளவுதான். அங்க புல் இருக்கா, பாறை இருக்கான்னு அந்த நிறத்துக்குத் தெரியாது. உங்க மேப்புல நடுவுல பழுப்பா இருக்கிற போட்மின் மேட்டுநிலம் உண்மையில ஈரம் சொட்டுற இடம், சேறும் புல்லும் கருங்கல் பாறையும். அங்க பிரவுன் வில்லின்னு ஒரு குன்று தேடுங்க. கார்ன்வாலோட உச்சி அதுதான், 420 மீட்டர். நம்ம சிங்கப்பூரோட உச்சி புக்கிட் தீமா 163. ரெண்டரை மடங்குதான். ஆனா மேப்புல பார்த்தா இமயமலை மாதிரி நிக்குதில்ல? நிறத்தை அங்கங்க இருக்கிற உயரத்துக்கு ஏத்தபடி பங்கு போட்டா அப்படித்தான் தெரியும்.

இன்னொரு ஏமாத்து வேலை, நிறம் மாறுற கோடு. சரிவு மெதுவா ஏறிக்கிட்டே போகும், நிறம் மட்டும் ஒரு இடத்துல திடீர்னு மாறும். பார்க்கிறவன் கண்ணுக்கு அங்க ஒரு படிக்கட்டு இருக்கிற மாதிரி இருக்கும். நிஜத்துல அந்த இடத்துல நின்னா ஒண்ணுமே தெரியாது.

கோடிக்கரையான்
ஞாயிறு, பிற்பகல் 1.15

எல்லாம் சரி. ஆனா தமிழ் மன்றத்துல வெள்ளைக்காரன் ஊர் சைக்கிள் மேப்புக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? நம்ம கடற்கரை மேப்பு எவனாவது தேடினானா? நாகப்பட்டினத்துல ராஜுலா கப்பல் ஏறி வந்தவங்க பேரப்பிள்ளைங்கதானே இங்க பாதிப்பேர்?

அளவைக்காரர்
ஞாயிறு, பிற்பகல் 2.00

கோபம் நியாயம்தான். ஆனால் தஞ்சைக் கடற்கரையை இந்த முறையில் அச்சடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாகையிலிருந்து கோடிக்கரை வரை ஒரே பச்சை. மேடு என்று காட்ட அங்கே கோயில் கோபுரத்தைத் தவிர என்ன இருக்கிறது?

அதனால்தான் அளந்தவர்கள் கோபுரத்தின் மேலேயே ஏறினார்கள். 1802இல் சென்னை பரங்கிமலையருகே அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கு ஆதாரமான முதல் நீளம்) அளந்து இந்தியாவின் பெரும் நில அளவையைத் தொடங்கிய ஆங்கிலேயர் லாம்டன், காவிரிச் சமவெளிக்கு வந்தபோது தூரப் பார்வைக்குக் குன்று கிடைக்காமல் கோயில் கோபுரங்களைப் பிடித்துக்கொண்டார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் அரை டன் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதி நசுங்கியது. அவரே கூடாரம் போட்டு உட்கார்ந்து, ஆறு வாரம் தட்டித் தட்டி நிமிர்த்தினார் என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் யாராவது முக்காலியைக் கீழே போட்டால் "என்ன, தஞ்சாவூரா?" என்பது பழைய கிண்டல்.

கோடிக்கரையான்
ஞாயிறு, பிற்பகல் 2.25

கோபுரக் கதை எனக்குத் தெரியாது ஐயா. சரி, கோபம் பாதி இறங்கிடுச்சு.

கார்ன்வால்னா என்னன்னு இப்பதான் தேடிப் பார்த்தேன். அவங்களுக்குன்னு ஒரு மொழி இருந்திருக்கே. ஆங்கிலம் இல்ல, வேல்ஸ் மொழிக்குச் சொந்தம். கிரேன்காரரே, உங்க மேப்புல டிரே, பொல், பென், போர்த்னு தொடங்குற ஊர் எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க.

கிரேன்காரன்
ஞாயிறு, மாலை 6.50

எண்ண முடியல அண்ணே. டிரே மட்டும் ஒரு மடிப்புக்குள்ள 31 வரைக்கும் எண்ணினேன், கண்ணு பூத்துடுச்சு.

கோடிக்கரையான்
ஞாயிறு, இரவு 7.30

டிரேன்னா குடியிருப்பு, நம்ம பட்டி, ஊர் மாதிரி. பொல்னா குளம். பென்னா தலை, முனை. போர்த்னா துறை, கப்பல் ஒதுங்குற சின்னக் குடா. ஆக பெர்ரன்போர்த், போர்த்கர்னோ எல்லாம் நம்ம ஊர்ல தோப்புத்துறைன்னு சொல்ற மாதிரி. நிலத்தோட கடைசி மூலைக்கு ஆங்கிலத்துல லேண்ட்ஸ் எண்ட், அவங்க மொழியில பென் அன் வ்லாஸ், நாட்டோட கோடி. கோடிக்கரைக்குக் கோடிக்கரைன்னு பேர் வெச்சவனும் அதே மாதிரி கடலைப் பார்த்து நின்னுதான் வெச்சிருப்பான்.

பிரவுன் வில்லின்னு டீச்சர் சொன்னாங்களே, அதுல பிரவுனும் இல்ல வில்லியும் இல்ல. பிரான் வென்னிலி, தகைவிலான் குருவிக் குன்று. காதுல விழுந்ததை ஆங்கிலத்துல எழுதிக்கிட்டான். தூத்துக்குடியை டூட்டிகொரின் ஆக்கினவன்தானே.

அந்த மொழியைத் தாய்மொழியாப் பேசின கடைசி ஆள்னு பரவலாச் சொல்லப்படுறது டாலி பென்ட்ரீத். மவுசோல்னு ஒரு மீன்பிடி ஊர், மீன் விக்கிற கிழவி, 1777 டிசம்பர்ல இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் 1904ல ஹென்றி ஜென்னர்ங்கிறவர் இலக்கணக் கையேடு போட்டு மறுபடியும் உசுப்பினார். கிரேன்காரரோட மேப்பு அச்சான சமயம்தான்னு வெச்சுக்குங்களேன். பேச ஆள் இல்லாத மொழி, மேப்பு முழுக்க ஊர்ப் பேரா உட்கார்ந்திருக்கு. எனக்கு அது கொஞ்சம் உறுத்துது. இங்க என் பிள்ளைங்க தமிழ்ல "சரி", "வேணாம்" ரெண்டுதான் பேசுறாங்க.

கிரேன்காரன்
திங்கள், காலை 9.05

இரவு வேலை முடிச்சு வந்ததும் மறுபடி விரிச்சேன். நேத்து கவனிக்காதது ஒண்ணு. கேம்போர்ன்ங்கிற ஊர்ப் பக்கத்துல பென்சில்ல சின்னதா ஒரு வட்டம். பின்னாடி துணியில, மூலையில, அதே மாதிரி மங்கின பென்சில்ல "கோப்பெங்"னு ஆங்கிலத்துல. கீழ ஒரு கூட்டல் கணக்கு, விடை அழிஞ்சுபோச்சு. கோப்பெங் மலேசியாவுல, பேராக்ல இருக்கிற ஊர்தானே? இது எப்படி?

ஈப்போ மாப்பிள்ளை
திங்கள், காலை 9.40

இவ்வளவு நேரம் சும்மா படிச்சுக்கிட்டிருந்தேன், இனிமே முடியாது. நான் பிறந்தது கோப்பெங்குக்குப் பக்கத்துல. கல்யாணம் பண்ணி சிங்கப்பூர் வந்தவன்.

கேம்போர்னும் பக்கத்து ஊர் ரெட்ரூத்தும் ஈயச்சுரங்க ஊர். உங்க மேப்புல அந்தப் பக்கம் குழி குழியா அடையாளம் இருக்கும். மலாயா ஈயம் வெளிய வர்றதுக்கு முன்னாடி அவங்கதான் பெரிய ஆளுங்க. ஆனா அவங்க ஈயம் கருங்கல்லுக்குள்ள ஓடுற நரம்பு. ஆழமாக் குழி தோண்டி, தண்ணியை நீராவி எந்திரத்தால இறைச்சு, பாறையை உடைச்சு எடுக்கணும். சில சுரங்கம் கடலுக்கு அடியிலயே போச்சு. லெவன்ட்னு ஒண்ணு, மேற்குக் கரையில. 1919 அக்டோபர் 20ல ஆளுங்க ஏறி இறங்குற எந்திரம் முறிஞ்சு 31 பேர் செத்தாங்க.

எங்க கிந்தா பள்ளத்தாக்குல ஈயம் ஆத்து மணல்ல கிடந்துச்சு. தண்ணியப் பீச்சி, மண்ணைக் கரைச்சு, பலகையில ஓடவிட்டா கனமானது அடியில தங்கிடும். எங்க பாட்டி தூலாங் தட்டுல சலிச்சிருக்காங்க. இவ்வளவு சுலபமா எடுக்கிற ஈயத்தோட விலைக்குக் கார்ன்வால்காரங்க எப்படி ஈடு கொடுப்பாங்க? அங்க சுரங்கம் மூடிச்சு, ஆளுங்க கப்பல் ஏறினாங்க. கேம்போர்ன்ல சுரங்கப் பள்ளி இருந்துச்சு, படிச்சவன் நேரா மலாயாதான். கோப்பெங்ல வெட்டின கம்பெனியோட தலைமை அலுவலகமே ரெட்ரூத்லதான். ஈப்போக்கும் கோலாலம்பூருக்கும் இல்ல, கார்ன்வால் ஊருக்குத்தான் கணக்கு போகும்.

அளவைக்காரர்
திங்கள், காலை 10.10

அருமை. ஆனால் ஒரு எச்சரிக்கை: பென்சில் எழுத்து யாருடையது என்று நமக்குத் தெரியாது. பொறியாளர் ஒருவர் ஊர் நினைவில் விரித்து விரித்துப் பார்த்து அழுதார் என்று கதை கட்டிவிட வேண்டாம். பழைய புத்தகக் கடைக்காரர் வாங்கிய இடத்தைக் குறித்து வைத்ததாகவும் இருக்கலாம்.

ஈப்போ மாப்பிள்ளை
திங்கள், காலை 10.14

ஐயா, நான் ஏற்கெனவே அழுதாச்சு.

ஈப்போ மாப்பிள்ளை
திங்கள், காலை 10.31

கிரேன்காரரே, ஒண்ணு கேக்கணும். நீங்க கிரேன் ஓட்டுறது எந்தத் துறைமுக முனையம்?

கிரேன்காரன்
திங்கள், மாலை 5.30

தூங்கி எழுந்து இப்பதான் பார்த்தேன். பிரானி. பதினேழு வருஷம்.

ஈப்போ மாப்பிள்ளை
திங்கள், மாலை 5.42

நினைச்சேன்! புலாவ் பிரானியில கொள்கலன் வர்றதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு தெரியுமா? ஈய உருக்காலை. ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி 1890ல அங்க உலை வெச்சுது. பேராக், சிலாங்கூர் ஈய மணல் மூட்டை மூட்டையா அந்தத் தீவுக்கு வந்து, கட்டியா வார்த்து ஐரோப்பாவுக்குப் போச்சு. அந்தக் காலத்துல உலகத்துலயே பெரிய ஈய உருக்காலைகள்ல ஒண்ணு. உங்க மேப்புல வட்டம் போட்ட ஊரோட பிழைப்பைக் கெடுத்த ஈயம், நீங்க கிரேன் ஓட்டுற தீவு வழியாத்தான் போயிருக்கு.

கிரேன்காரன்
திங்கள், மாலை 6.15

பதினேழு வருஷம் அந்த மண்ணு மேல இருக்கேன், ஒருத்தன் சொல்லல. 2027க்குள்ள நகர முனையமெல்லாம் துவாஸுக்குப் போகுது. போறதுக்கு முன்னாடியாவது தெரிஞ்சுதே.

உட்லண்ட்ஸ் மாமி
திங்கள், இரவு 8.30

நீங்கள்ளாம் ஈயம் ஈயம்னு சொல்றது எங்காத்து ஈயச்சொம்பு ஈயமா, இல்ல பாட்டரில இருக்கற விஷ ஈயமா? பயமா இருக்கு, நான் தினம் அதுலதான் ரசம் வைக்கறேன்.

ஈப்போ மாப்பிள்ளை
திங்கள், இரவு 8.45

மாமி, பயப்படாதீங்க, பேர்தான் குழப்பம். பாட்டரியில இருக்கிறது காரீயம், அது விஷம். ஈயச்சொம்பு, பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுற ஈயம், எங்க சுரங்கத்து ஈயம் எல்லாம் வெள்ளீயம். கலப்படம் இல்லாததுன்னு நம்பகமான கடையில மட்டும் வாங்குங்க. வெறும் சொம்பை அடுப்புல வெச்சுடாதீங்க, 232 டிகிரியில உருகிடும்.

உட்லண்ட்ஸ் மாமி
திங்கள், இரவு 8.52

அது தெரியாதா! கல்யாணமான புதுசுல ஒண்ணு உருக்கியாச்சு. அடுப்பு மேல பாதரசம் மாதிரி ஓடித்து. மாமியார் அன்னிக்குப் பேசினது இன்னும் காதுல இருக்கு.

பூகோள டீச்சர்
திங்கள், இரவு 9.30

கிரேன்காரரே, மேப்புல தென்மேற்கு மூலைக்குப் போங்க. பென்சான்ஸ் ஊரை ஒட்டி நியூலின்னு ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம் இருக்கும். கண்டுபிடிச்சா விரலை அங்கயே வைங்க.

உயரத்துக்கு நிறம் போடுறாங்க சரி, உயரத்தை எங்கிருந்து எண்ணுறாங்க? தமிழ்நாட்டு ரயில் நிலைய மஞ்சள் பலகையில ஊர்ப் பேருக்குக் கீழ கடல் மட்டத்துக்கு மேல இத்தனை மீட்டர்னு இருக்குமே. எந்தக் கடல், எந்த நேரத்துக் கடல்? அலை ஏறுது, இறங்குது. எங்கேயாவது ஒரு இடத்துல உட்கார்ந்து பல வருஷம் அளந்து சராசரி எடுத்தாகணும். பிரிட்டனுக்கு அந்த இடம் நியூலின். 1915 மே மாசத்துல இருந்து 1921 ஏப்ரல் வரைக்கும் அங்க கடல் மட்டத்தை விடாம பதிஞ்சாங்க. துறைமுக மேடையில ஒரு பித்தளை ஆணி அடிச்சு, அதுக்குக் கீழ இத்தனை அடியில கடலோட சராசரின்னு வெச்சாங்க. பிரிட்டன் பெருநிலத்துல எந்தக் குன்றோட உயரமும் இன்னிக்கும் அந்த ஆணியிலிருந்துதான். உங்க மேப்போட பச்சை தொடங்குற பூஜ்ஜியம் அந்த மேப்புலயே இருக்கு.

அளவைக்காரர்
திங்கள், இரவு 9.50

டீச்சர், அழகான விஷயம், ஆனால் ஒரு திருத்தம். இவர் தாள் 1919க்கு முந்தியது. நியூலின் கணக்கு முடிந்ததே 1921இல். அதனால் இதில் இருக்கும் உயரங்கள் பழைய லிவர்பூல் மட்டத்திலிருந்து, 1844இல் அங்கே எடுத்த அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு அடி என்ற அளவில்தான். அரை அங்குல மேப்பில் எறும்புக்குக்கூடத் தெரியாது.

பூகோள டீச்சர்
திங்கள், இரவு 9.58

அட ஆமா. இதைத்தான் மாணவர்களுக்குத் தாளின் தேதியை முதல்ல பாருங்கன்னு சொல்லிச் சொல்லி மாரடிக்கிறேன். மதிப்பெண் குறைச்சுக்கிறேன்.

கிரேன்காரன்
திங்கள், இரவு 10.20

நியூலின்ல விரல் வெச்சுட்டேன். அதுக்குக் கீழ, இன்னும் ஓரத்துல, போர்த்கர்னோன்னு இருக்கு. கோடிக்கரை அண்ணன் சொன்ன ஊர். அங்கிருந்து கடலுக்குள்ள மெல்லிசா கோடு போகுற மாதிரி இருக்கு. மடிப்பு ஓட்டையும் அங்கதான், அதனால உறுதியாச் சொல்ல முடியல.

அளவைக்காரர்
செவ்வாய், காலை 6.40

கோடோ ஓட்டையோ, அந்த இடத்தில் கோடு இருக்க வேண்டியதுதான். 1870 ஜூனில் போர்த்கர்னோ மணலில் கடலடித் தந்திக் கம்பி கரையேறியது. லிஸ்பன், ஜிப்ரால்டர், மால்டா, எகிப்து, ஏடன் வழியாகப் பம்பாய்க்கு. பம்பாயிலிருந்து தரைவழிக் கம்பி சென்னைக்கு. சென்னையிலிருந்து இன்னொரு கடலடிக் கம்பி பினாங்கு தொட்டு 1871இல் சிங்கப்பூருக்கு. அதற்கு முன் லண்டன் சேதி இங்கே வர வாரக்கணக்கில் கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஈயத்தின் விலை லண்டனில் சரிந்தால் அன்றைக்கே இங்கே வணிகருக்குத் தெரிய ஆரம்பித்தது அந்தக் குடாவின் வழியாகத்தான். ஈப்போ மாப்பிள்ளையின் கணக்குப் புத்தகம் ரெட்ரூத்துக்குப் போனதாகச் சொன்னாரே, அவசரச் சேதிக்கு இதுதான் வழி.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்துக்குப் போங்கள். பார்த்தலமியூ ஆவணங்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன. அரை அங்குலத் தாள்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், காசு இல்லை. ஓட்டையில் போன பகுதியும் அங்கே முழுதாக இருக்கும்.

கிரேன்காரன்
செவ்வாய், இரவு 8.05

பார்த்தேன் ஐயா. ரெண்டு மணி நேரம் போனதே தெரியல. ஓரத்துல எழுத்தும் எண்ணும் கிடைக்கல, அச்சுக்கு வெளிய வெட்டிட்டாங்க போல. 1905க்கும் 1919க்கும் நடுவுலன்னே இருக்கட்டும்.

இப்ப பாதுகாக்கிறது எப்படின்னு சொல்லுங்க. எங்க வீடு வீவக (அரசாங்க அடுக்குமாடி), பதினொண்ணாவது மாடி, மழை வந்தா சுவர் வேர்க்கும். கறுப்பா புள்ளி வருமோன்னு பயம்.

அளவைக்காரர்
செவ்வாய், இரவு 8.40

உங்கள் எதிரி பூஞ்சை. இந்த ஊரில் எப்போதும் காற்றில் ஈரம். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கேமரா வைத்திருக்கும் நண்பர் யாரிடமாவது ஈரம் உறிஞ்சும் அலமாரி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் காற்றுப் புகாத பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி.

மடித்தே வைக்காதீர்கள், மடிப்பில்தான் கிழியும். இடம் இருந்தால் தட்டையாக, அமிலமில்லாத காகிதத்துக்கு நடுவில். ஏற்கெனவே புள்ளி இருந்தால் வெளியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். தண்ணீர், டெட்டால், எலுமிச்சை, வாட்ஸப்பில் வரும் எதுவும் வேண்டாம். சட்டம் போட்டே தீருவேன் என்றால் வெயில் படாத உள்சுவர். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, நடுவில் அட்டை இடைவெளி விடச் சொல்லுங்கள். கல்லச்சு (கல்லில் வரைந்து அச்சடிக்கும் முறை) நிறங்களில் முதலில் வெளுப்பது மெல்லிய பூச்சுகள்தான். உங்களைப் பிடித்து இழுத்த அந்தச் சந்தனம் முதலில் போய்விடும்.

தேக்கா தம்பி
செவ்வாய், இரவு 9.10

அண்ணே, அந்தக் கடையில இன்னும் மேப்பு இருக்கா? சும்மாதான் கேக்குறேன்.

கிரேன்காரன்
செவ்வாய், இரவு 9.14

ரெண்டு இருந்துச்சு தம்பி. ஒவ்வொண்ணும் ஏழு பிரியாணி.

கிரேன்காரன்
வெள்ளி, இரவு 10.30

கடைசித் தகவல். ஈரம் உறிஞ்சும் அலமாரி வாங்கலாம்னு விலை கேட்டேன், தலை சுத்துச்சு. அப்பதான் வீட்டுக்காரம்மாவோட பட்டுப்புடவை அலமாரி ஞாபகம் வந்துச்சு. வீட்டுலயே காய்ஞ்ச இடம் அதுதான், கல்யாணப் புடவைக்குக்கூட ஒரு புள்ளி வரல. விலையையும் அப்பவே சொல்லிட்டேன், வேற வழியில்ல. மேல் தட்டுல அமிலமில்லாத காகிதம் விரிச்சு, மேப்பை நடுவுல வெச்சு, மேல இன்னொரு காகிதம். பக்கத்துல ஈரமானி. இன்னிக்கு 52.

பூகோள டீச்சர்
வெள்ளி, இரவு 10.41

புடவை அலமாரியா? அந்துருண்டையை எடுத்துட்டீங்கதானே? அந்த ஆவி காகிதத்துக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது.

கிரேன்காரன்
வெள்ளி, இரவு 10.55

எடுத்துட்டேன் டீச்சர். சாயங்காலம் பார்த்தா திரும்ப உள்ள இருக்கு. பேச்சுவார்த்தை நடக்குது.